பதினோராம் பக்கத்தில் இருக்கிறது

எல்லோரும் கைதட்டுகிறார்கள், நானும் தட்டிக்கொண்டிருக்கிறேன், தட்டிக்கொண்டே திரையில் இருப்பதை இரண்டாவது தடவையாகப் படிக்கிறேன், முதல் தடவை அவசரத்தில் தப்பாகப் படித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், இப்போதும் அதேதான் எழுதியிருக்கிறது. கேண்டீன் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள், முன்னால் மேடை என்று ஒரு பலகை, அதற்குப் பின்னால் வெள்ளைத் திரை, திரையில் எங்கள் கம்பெனியின் புது வெப்சைட். பத்து நாளாக அது உலகத்துக்கே திறந்துதான் கிடக்கிறது, ஆனாலும் எம்.டி. நல்ல நேரம் பார்த்து இன்று காலை பத்தரைக்குப் பட்டனை அமுக்கினால்தான் பிறந்ததாக அர்த்தம். அமுக்கினார். லேசர் மாதிரி ஒரு சிவப்புக் கோடு திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடி, கம்பெனி பெயரை எழுதிவிட்டு மறைந்தது, அந்தக் கோட்டுக்கே ஒரு கைதட்டல். அப்புறம் பெனடிக்ட், எங்கள் மார்க்கெட்டிங் மேனேஜர், மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு, "நம்ம புது சைட்டுக்கு வந்த மொத என்கொயரி, அரை மணி நேரத்துக்கு முன்னாடி வந்தது, எல்லாரும் பாக்கட்டும்னு அப்படியே போடறேன்" என்று சொல்லிப் போட்டார். ஐயா வணக்கம், உங்கள் புதிய வெப்சைட் பார்த்து ஏரியா சென்சார் ஒரு செட் போன வாரம் டீலரிடம் வாங்கி எங்கள் பவர் பிரஸ்ஸில் கை பாதுகாப்புக்கு மாட்டியுள்ளோம், போட்டோவில் உள்ள மாதிரியே மாட்டினோம், நன்றாக வேலை செய்கிறது, இனி ஆட்கள் பயம் இல்லாமல் வேகமாக வேலை செய்யலாம், மீதி ஆறு பிரஸ்ஸுக்கும் ஆறு செட் தேவை, இப்படிக்கு சென்னியப்பன், கணபதி, கோவை. கீழே போன் நம்பர். கை பாதுகாப்புக்கு. பயம் இல்லாமல். என் கைகள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கின்றன, நிறுத்து என்று சொன்னால்தான் நிற்கும் போலிருக்கிறது, நிறுத்திவிட்டேன், பக்கத்தில் ஸ்டோர்ஸ் ராஜாமணி அக்கா என் தோளைத் தட்டி "உன் எழுத்துக்கு வந்த மரியாதை பாரு சாரதா" என்கிறார். அக்கா, அது என் எழுத்து இல்லை, என் எழுத்து அங்கே இல்லை, அதுதான் விஷயம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அக்கா அதற்குள் திரையைப் பார்த்துத் திரும்பி மறுபடியும் கைதட்டத் தொடங்கிவிட்டார்.

ஏரியா சென்சார் என்பது எதிரெதிராக நிற்கும் இரண்டு கம்பிகள். ஒன்றிலிருந்து மற்றதுக்குச் சிவப்பு ஒளிக்கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும், நடுவில் ஏதாவது வந்து ஒரு கோட்டை மறைத்தால் அது பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கன்வேயரில் போகும் அட்டைப்பெட்டியை எண்ணுவதற்கு நாங்கள் செய்தது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நான்கு சென்டிமீட்டர் இடைவெளி, பெட்டி எப்படியும் நான்கு சென்டிமீட்டரை விடப் பெரியது, அதனால் போதும். விரல் ஒன்றும் பெட்டி இல்லை. ஒரு கையைத் தட்டையாக வைத்தால் என்ன கனம் வரும், என் கையையே மடியில் வைத்துப் பார்க்கிறேன், இரண்டு, இரண்டரை, விரல் நுனியில் ஒன்றரை கூட இல்லை, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தாராளமாகப் போகும், போய்விட்டது என்று சென்சாருக்குத் தெரியவே தெரியாது, யாரும் இல்லை, யாரும் இல்லை என்று பச்சை விளக்கு எரியும், பெடலை மிதித்தால் தகடு வெட்டும் பிரஸ் நாற்பது டன் அழுத்தத்தோடு இறங்கும். கை பாதுகாப்புக்கு என்று நாங்களே வேறு ஒன்று செய்கிறோம், கோடுகள் நெருக்கமாக இருக்கும், தனக்கே கோளாறு வந்தால் தானே மெஷினை நிறுத்தும், அது வேறு பக்கத்தில் இருக்கிறது, சென்னியப்பன் அந்தப் பக்கத்துக்குப் போகவே இல்லை, ஏன் போக வேண்டும், இங்கேயேதான் கை இருக்கிறதே. பழைய வெப்சைட்டில் இந்த ஏரியா சென்சாருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. நான் எழுதியது, மேனுவல், வெப்சைட் எல்லாம் எழுதுவதுதான் இங்கே என் வேலை. எனக்கு மனப்பாடம். இது மனித உடலைக் காக்கும் கருவி அல்ல, பிரஸ் போன்ற இயந்திரங்களில் கை பாதுகாப்புக்குப் பயன்படுத்தக் கூடாது. பழைய சைட் அசிங்கமாகத்தான் இருந்தது, நீலத்தில் மஞ்சள் எழுத்து, மேலே ஒரு வரி வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும், எந்தப் படத்தைத் தொட்டாலும் திறக்க ஒரு நிமிஷம், ஆனால் அந்தச் சிவப்புக் குறிப்பு மட்டும் படம் வருவதற்கு முன்னாலேயே வந்துவிடும். புது சைட்டைச் செய்த நிகில், பெங்களூரிலிருந்து வந்த பையன், நல்ல பையன்தான், சிரித்துக்கொண்டே பேசுவான், "பேஜ் மூச்சு விடணும் மேடம்" என்பான், எதைக் கேட்டாலும் பேஜ் மூச்சு விட வேண்டும். சிவப்பு நம்ம கலர் லிஸ்ட்லயே இல்லை மேடம், லேசர் கோட்டுக்கு மட்டும்தான் சிவப்பு. அடிக்குறிப்பு யாரும் படிக்கறதில்லை மேடம், எல்லாத்தையும் டேட்டாஷீட்ல போட்டுடலாம், வேணும்கிறவங்க டவுன்லோட் பண்ணிக்கட்டும். நானூற்றுப் பன்னிரண்டு பொருள், நானூற்றுப் பன்னிரண்டு வரிசையில் ஒரு எக்செல் ஷீட், கடைசிக் கட்டத்தில் நான் சரி என்று அடிக்க வேண்டும், முதல் நாற்பது வரிசை ஒவ்வொன்றாகப் படித்து அடித்தேன், அப்புறம் ஒரு செல்லில் சரி என்று அடித்து மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன், இழுத்தால் சரி சரி சரி சரி என்று அதுவே இறங்கிக்கொண்டு போகும், எக்செல்லில் அது ஒரு வசதி. ஏரியா சென்சார் இருநூற்று எழுபத்தாறாம் வரிசை. போனில் இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். வெள்ளைப் பக்கம், நன்றாக மூச்சு விடுகிறது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி மட்டும் அப்படியே நிற்கிறது, கீழே போய்ப் பார் என்று சொல்லும் குறி, கீழே போனால் ஒன்றும் இல்லை.

சென்னியப்பன் நம்பரை மேடைத் திரையைப் பார்த்தே அடித்தேன். மணி போகிறது. பக்கத்து வரிசையில் மைசூர்பாகு தட்டு வந்துகொண்டிருக்கிறது, மணி போகிறது, எடுக்க மாட்டார்கள், பிரஸ் ஷாப்பில் போன் அடிப்பது யாருக்கும் கேட்காது, ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் போன ஒரு ஷாப்பில் பேசுவதற்கே ஒருவர் காதுக்குள் ஒருவர் கத்த வேண்டியிருந்தது. அதுவும் கணபதிப் பக்கம்தான், வேறு ஆள், வேறு ஷெட். எங்கள் லேசர் சென்சார் ஒன்று தகடு இருக்கும்போதும் இல்லை என்று சொல்கிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வாங்க, அப்படியே மேனுவல் புரியுதான்னும் கேட்டுட்டு வாங்க என்று அனுப்பினார்கள். லென்ஸில் எண்ணெய் படிந்திருந்தது, துடைத்ததும் சரியாகிவிட்டது, பத்து நிமிஷ வேலை. டீ வந்தது. கிட்டுசாமி என்று ஒருவர், பிரஸ் ஓட்டுபவர், தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து வாய்க்குக் கொண்டுபோனார், சூடு ஆறட்டும் என்று அப்படிப் பிடித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன், தம்ளரைக் கீழே வைத்தபோதுதான் பார்த்தேன், வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "ரேடியோவுல பாட்டு ஓடிட்டிருந்துச்சுங்க, மெதிச்சுப் போட்டேன், வலியே தெரியலீங்க, பக்கத்துல இருந்தவன் சத்தம் போட்ட பொறவுதான் குனிஞ்சு பாத்தேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று சிரித்தார். அந்த ஷெட் முதலாளி வாசல் வரை வந்து, "ஏனுங்க, உங்ககிட்ட இந்தப் பெட்டி எண்ற கம்பி இருக்குதல்லங்க, அதைக் கொண்டாந்து பிரஸ்ஸுல மாட்டிட்டா ஆகாதுங்களா, விலையும் கம்மியா இருக்குது" என்று கேட்டார். ஆகாதுங்க என்றேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன், புரிந்துகொண்டார். அன்று சாயங்காலம் ஆபீசுக்கு வந்து முதல் வேலையாக அந்தக் குறிப்பை எழுதினேன், தமிழில் எழுதினேன், தமிழிலும் வேண்டும் என்று எம்.டி. அறை வரை போய் நின்றேன், ஒரு கம்பியை வாங்குபவன் யார் என்று எனக்குத் தெரியும் சார் என்றேன், அவ்வளவு பேசியிருக்கிறேன். இவ்வளவும் தெரிந்தவள்தான் மூலையைப் பிடித்து இழுத்தாள். போன் அடித்து அடித்து நின்றுவிட்டது. தெரியாதவள் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது, தெரியாதவர்கள் தூங்கலாம், நான் என்ன செய்வேன்.

மறுபடியும் அடிக்கிறேன். எம்.டி. பேசத் தொடங்கிவிட்டார், நமது பயணம் என்கிறார், சின்ன ஷெட்டில் நாலு பேரோடு தொடங்கினோம் என்கிறார், அவருக்குப் பின்னால் திரையில் படங்கள் ஒவ்வொன்றாக நகர்கின்றன, தூரம் அளக்கும் லேசர், நிறம் பார்க்கும் சென்சார், அப்புறம் அது வருகிறது. ஏரியா சென்சார். இரண்டு கம்பிகள், நடுவே சிவப்புக் கோடுகள், கோடுகளுக்குள் ஒரு கை. ஆறடி உயரத்துக்குக் கை. என் கை. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் பழுப்புத் தழும்பு, முன்பு இங்கே அசெம்ப்ளி பிரிவில் வேலை பார்த்தபோது சால்டரிங் இரும்பு பட்டது, மோதிரம் கழற்றிய இடத்தில் வெளுத்த வட்டம், இதையெல்லாம் அழித்துவிடுகிறேன் என்று சொன்ன போட்டோக்காரர் அழிக்கவில்லை. கை வேணும் மேடம், வெறும் கம்பியைக் காட்டினா ஜனங்களுக்கு என்ன தெரியும் என்றார், மாடலுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள், அந்தப் பெண் வரவில்லை, ஆபீசில் யார் கை நன்றாக இருக்கிறது என்று பார்த்தார்கள், பெனடிக்ட் என்னைக் காட்டினார், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும், நாற்பத்து மூன்று வயதில் கை நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னதில் பெருமை, வளையலைக் கழற்றி மேசை மேல் வைத்தேன், மோதிரத்தைக் கழற்ற சோப்புத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். "ஆசீர்வாதம் பண்ற மாதிரி நிமிர்த்துங்க, விரலை விரிங்க, இன்னும் கொஞ்சம், அப்படியே." அப்படியே நின்றேன். சிவப்புக் கோடுகள் ஐந்து விரலிலும் பட்டன, கம்பியில் விளக்கு மாறியது, போட்டோக்காரர் குஷியாகிவிட்டார். யாராவது பிரஸ்ஸுக்குள் கையை அப்படி நிமிர்த்தி நீட்டுவார்களா. தகட்டைத் தள்ளுகிற கை படுக்கையாகத்தான் போகும், விரல் சேர்ந்துதான் போகும். எனக்கு இது அன்றைக்குத் தோன்றவே இல்லை, வெளிச்சம் கண்ணில் அடித்தது, இன்னொருத்தர் என் புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டிருந்தார், நான் கைக்கு வலிக்கிறது என்று மட்டும் நினைத்தேன். குறிப்பு போனது ஒரு தப்பு, அது பாதித் தப்பு, குறிப்பு இல்லாவிட்டால் சென்னியப்பன் யாரையாவது கேட்டிருப்பார், இப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஒரு பொம்பளை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போட்டோவில் உள்ள மாதிரியே மாட்டினோம்.

யாரும் எடுக்கவில்லை. பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. இப்போதுதான் நினைவுக்கு வருகிறது, டேட்டாஷீட்டில் பதினோராம் பக்கத்தில், வயரிங் படத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது, அதை நான்தான் பார்த்தேன், அது உண்மையாகவே இருக்கிறது. யாராவது கேட்டால் சொல்லலாம். பதினோராம் பக்கத்தில் இருக்கிறது சார், அவர்தான் படிக்கவில்லை. கம்பெனியும் இதைத்தான் சொல்லும், பெனடிக்ட் இதைத்தான் சொல்வார், வக்கீல் வந்தால் அவரும் இதைத்தான் சொல்வார், எல்லோரும் சொன்ன பிறகு நானும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம். வேலை போய்விடுமா. சரி என்று அடித்தது யார் என்று ஷீட்டில் பெயர், தேதி, மணி எல்லாம் இருக்கிறது, பதினாறு வருஷம், இந்த வயதில் வேறு எங்கே போவது, வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு வீட்டில் இருப்பது என் சம்பளம் ஒன்றுதான், சே, என்ன நினைக்கிறேன் நான், அங்கே ஒரு கை உள்ளே போய் வந்துகொண்டிருக்கிறது, நிமிஷத்துக்கு இருபது தடவை, இந்த மைசூர்பாகு வந்து சேர்வதற்குள் நாற்பது தடவை, நான் என் சம்பளத்தை நினைக்கிறேன். ஒரு வாரமாக ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்று எப்படித் தெரியும். நன்றாக வேலை செய்கிறது என்றுதானே எழுதியிருக்கிறார், அரை மணி நேரத்துக்கு முன்னால் நன்றாக இருந்தது, அரை மணி நேரம். பயமில்லாமல் வேகமாக. முன்பு பயம் இருந்தது, அந்தப் பயம்தான் ஒவ்வொரு தடவையும் கையைக் கொஞ்சம் முன்னதாகவே வெளியே இழுத்தது, நான் அதைப் போய் எடுத்துவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும். எழுந்து நிற்க வேண்டும். எழுந்து என்னவென்று சொல்வது, சார் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ராஜாமணி அக்கா தட்டை என் முகத்துக்கு நேராக நீட்டி "எடுத்துக்கோ, ஏன் முகமெல்லாம் வேர்க்குது" என்கிறார், நான் ஒரு துண்டை எடுத்தேன், நெய் விரலில் ஒட்டியது, அதே விரலால் மூன்றாம் தடவை நம்பரை அமுக்கினேன்.

மணி போய்க்கொண்டிருக்கும்போதே என் பெயர் காதில் விழுகிறது. "இந்தப் படத்துல இருக்கிற கை யாரோடதுன்னு நிறையப் பேர் கேட்டாங்க" என்கிறார் பெனடிக்ட், "மும்பைல இருந்து மாடல் வந்துச்சான்னு டீலர் ஒருத்தர் கேக்கறார், நம்ம சாரதாமணி மேடத்தோட கைங்க அது, மேடம், அந்தக் கையோட மேடைக்கு வாங்க." சிரிக்கிறார்கள், தட்டுகிறார்கள், யாரோ என் நாற்காலியைப் பின்னால் இழுத்து வழி விடுகிறார்கள், நான் போனைக் காதில் வைத்தபடியே நடக்கிறேன், பலகை காலுக்குக் கீழே அசைகிறது, எம்.டி. சிரித்துக்கொண்டே பூங்கொத்தை என் முழங்கை மடிப்பில் செருகுகிறார், பெனடிக்ட் மைக்கை என் கையில் திணிக்கிறார், அப்போது காதில் மணி நின்றது. தட், என்று கேட்டது. கொஞ்சம் விட்டு மறுபடியும் தட். "ஹலோ, ஆருங்க" என்று ஒரு ஆண் குரல் கத்தியது. சென்னியப்பனுங்களா என்றேன், ஆமாங்க, சத்தமா சொல்லுங்க, ஒண்ணும் கேக்கலீங்க என்றார், இந்தப் பக்கம் கைதட்டல், அந்தப் பக்கம் பிரஸ், எனக்கும் கேட்கவில்லை, ஸ்பீக்கரைப் போட்டேன், மைக் இன்னொரு கையில் இருந்ததை மறந்துவிட்டேன், தட், என்று ஹால் முழுக்கக் கேட்டது, எல்லோரும் கைதட்டுவதை நிறுத்தினார்கள்.

"சென்சார் கம்பெனியிலிருந்து பேசறேங்க. அந்த பிரஸ்ஸை நிறுத்துங்க."

"எதுக்குங்க? நல்லா ஓடிட்டிருக்குதுங்களே."

"அந்தக் கம்பி கைக்குப் போடறது இல்லைங்க. பெட்டி எண்றது. கை உள்ளே போனா அதுக்குத் தெரியாது. இப்பவே நிறுத்துங்க."

"அட, நாங்க கையை நிமித்தி வெச்சுப் பாத்தமுங்க, உங்க போட்டோவுல இருக்கற மாதிரியே. பெடலே வேலை செய்யலை. போட்டோவைக்கூடப் பிரிண்ட் எடுத்து மெஷின்ல ஒட்டிப்போட்டேன், ஆளுகளுக்கு ஒரு தைரியம் வரட்டும்னு."

பெனடிக்ட் என் முழங்கையைப் பிடித்து மெதுவாக மைக்கை வாங்கப் பார்க்கிறார், "மேடம், அப்பறம் பேசிக்கலாம், ப்ளீஸ்" என்று பல்லுக்குள் சொல்கிறார், நான் பிடியை விடவில்லை, பூங்கொத்துதான் கீழே விழுந்தது. சென்னியப்பனிடம் சொன்னேன், யாரையும் கிட்டே விடாதீங்க, ஸ்கிராப் தள்ற மூங்கில் குச்சி இருக்குமில்லைங்க, நீளமா, அதோட கடைசியைப் பிடிச்சுக்கிட்டு, படுக்கையா, ரெண்டு கோட்டுக்கு நடுவாலே உள்ளே நீட்டுங்க, உங்க கை வெளியவே இருக்கட்டும், அப்புறம் பெடலை மிதிச்சுப் பாருங்க. "மயிலா, நீ கொஞ்சம் எந்திரி, தள்ளி நில்லு" என்று அவர் யாரிடமோ சொன்னது கேட்டது, எதுக்குங்க என்றது ஒரு பெண் குரல், இளம் குரல், சிரிப்பு கலந்த குரல், இத்தனை நேரம் அந்த மெஷினில் உட்கார்ந்திருந்தது அந்தப் பெண்தான். சத்தம் நின்றது. ஹாலில் இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், மின்விசிறி ஓடுவது கேட்கிறது, எம்.டி. என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்க்கிறார், திரையில் படங்கள் அதுபாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கின்றன. பிரஸ் இறங்கக் கூடாது என்று நினைத்தேன். நான் சொன்னது தப்பாக இருக்கட்டும், கோடு அந்தக் குச்சியைப் பார்த்துவிடட்டும், என்னைப் பைத்தியம் என்று எல்லோரும் சிரிக்கட்டும், இந்தப் பலகையை விட்டு இறங்கிப்போய் அந்த மைசூர்பாகைத் தின்கிறேன், குச்சி முழுசாக வெளியே வரட்டும்.

தட்.

பிறகு சென்னியப்பன், இந்தத் தடவை கத்தாமல், "மேடம், குச்சி ரெண்டாப் போச்சுங்க" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் நான் பிடித்துக்கொண்டு நிற்க ஏதாவது இருந்திருக்கும். மெஷினை ஆஃப் பண்ணிடுங்க, கம்பியைக் கழற்றிடுங்க, நான் நேர்ல வர்றேன், இப்பவே கிளம்பறேன் என்று சொன்னேன், எங்க தப்புங்க, எழுத வேண்டியதை எழுதாம விட்டுட்டோம், நான்தான் விட்டேன் என்று சொன்னேன், பதினோராம் பக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை. "ஆஃப் பண்ணிட்டனுங்க" என்றார். அவருக்குப் பின்னால் அந்தப் பெண் என்னவோ கேட்டாள், அவர் ம்ம் ம்ம் என்றார், அவளே போனுக்குக் கிட்டே வந்துவிட்டாள் போலிருக்கிறது, குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க, அப்ப இந்தப் போட்டோவுல கையை நீட்டிட்டு நிக்கறாங்களே, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களா?"

மைக்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். தழும்பு இருந்தது, மோதிரம் திரும்பவும் ஏறியிருந்தது, விரல் நுனியில் நெய் இன்னும் காயவில்லை. "அது என் கைதாங்க" என்றேன். "ஒண்ணும் ஆகலைங்க. கம்பியை மேசை மேல வெச்சு எடுத்த போட்டோ. அங்கே மெஷினே இல்லைங்க."

"மெஷினே இல்லீங்களா" என்றாள் மயிலா.